லினக்ஸ் நிறுவுதல்: எளிமையா, உரிமையா?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

சென்ற பருவத் தேர்வின் கடைசி நாள். இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் எதிரே உள்ள வேப்பமரத்தடியில் நாங்கள் சிலர் பேருந்துக்காகக் காத்திருந்தபோது ஒரு வாதம் எழுந்தது. கணிப்பொறி அறிவியல் துறை நண்பர் ஒருவர், "பொத்தானை அழுத்தி லினக்ஸ் போட்டவன் லினக்ஸ் போட்டவனே அல்லன், ஒவ்வொரு கட்டளையாகத் தன் கையால் தட்டிப் போட்டவனுக்கே அது சொந்தம்" என்றார். "வீடு கட்டத் தெரிந்தவன்தான் வீட்டில் குடியிருக்கலாமா?" என்று வேறொருவர் மடக்கினார். இரு தரப்புக்கும் கைதட்டல் கிடைத்தது. தெளிவு கிடைப்பதற்குள் பேருந்து வந்துவிட்டது.

நான் அன்று வாய் திறக்கவில்லை. இரண்டு முறையிலும் லினக்ஸ் போட்டுப் பார்த்தவன் நான், இரண்டிலும் அடிபட்டவன். மரத்தடியில் சொல்லாமல் விட்டதை இந்த மலரில் சொல்லிவிட எண்ணுகிறேன்.

கணிப்பொறியோடு அதிகப் பழக்கமில்லாத நண்பர்களுக்காகச் சில செய்திகளை முதலில் கூறிவிடுகிறேன். 1991ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் எழுதி வெளியிட்டது லினக்ஸ். உண்மையில் அது கெர்னல் எனப்படும் உட்கரு மட்டுமே. நினைவகம், வட்டு, விசைப்பலகை முதலிய உறுப்புகளை ஆள்வது அதன் வேலை. கோப்பை நகலெடுக்கவும், கடிதம் அடிக்கவும், திரையில் படம் காட்டவும் வேறு மென்பொருள்கள் வேண்டும். அவற்றுள் அடிப்படையான பல, ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் அறிவித்த குனு திட்டத்தில் உருவானவை. இவற்றையெல்லாம் ஒன்று சேர்த்து, ஒன்றோடொன்று ஒத்துப்போகச் செய்து, கணிப்பொறியில் ஏற்றத்தக்க ஒரு தொகுப்பாகத் தருவதையே வழங்கல் என்கிறோம், பேச்சில் ‘டிஸ்ட்ரோ’. டெபியன், உபுண்டு, ஃபெடோரா, ஆர்ச், ஜென்டூ, ஸ்லாக்வேர் என்று அவை பல. அரிசி ஒன்று, சமையல் பல என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த வழங்கல்கள் தோன்றிய காரணத்தை எண்ணிப் பார்த்தாலே நம் வாதத்தில் பாதி தீர்ந்துவிடும். 1993ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் டெபியனை அறிவித்த இயன் மர்டாக் அப்போது அமெரிக்காவில் பர்டூ பல்கலைக்கழக மாணவர், வயது இருபது. நம் வயதுதான்! அக்காலத்தில் புழங்கிய எஸ்.எல்.எஸ். என்னும் தொகுப்பில் பிழைகள் மலிந்து, திருத்துவாரின்றிக் கிடந்தன. அந்த மனக்குறையே அவரைத் தூண்டியது. அதே தொகுப்பைத் திருத்தப் புகுந்த பேட்ரிக் வோல்கர்டிங் அதற்கு ஒரு மாதம் முன்புதான் ஸ்லாக்வேரை வெளியிட்டிருந்தார். ஆக, வழங்கல் என்ற ஒன்று பிறந்ததே, தனி ஒருவன் எல்லாவற்றையும் தன் கையால் தேடித் தொகுக்கும் துன்பத்தைக் குறைப்பதற்காக. அத்துன்பத்தை முழுமையாக அனுபவித்தே தீருவேன் என்பவருக்காக ஜெரார்ட் பீக்மன்ஸ் தொடங்கிய ‘லினக்ஸ் ஃபிரம் ஸ்கிராட்ச்’ என்ற நூல் இருக்கிறது. அதன்படி செய்தால் ஒவ்வொரு மென்பொருளையும் மூலநிரலிலிருந்து நாமே ஆக்கிக்கொள்ள வேண்டும். அதைச் செய்து முடித்தவர் கண்ணுக்கு, மரத்தடியில் மார்தட்டிய நம் நண்பரும் பொத்தான் அழுத்தியவராகவே தெரிவார்.

நிறுவும் முறைகள் வழங்கலுக்கு வழங்கல் எவ்வளவோ மாறுபடுகின்றன. ஸ்லாக்வேரில் இன்றும் எழுத்துத் திரைதான். வட்டை நாமே பகுத்துவிட்டு, பிறகு ‘செட்டப்’ என்று தட்ட வேண்டும். 2004ஆம் ஆண்டு அக்டோபரில் உபுண்டு வந்தது. அதை நிறுவும் குறுந்தகட்டைக் கேட்டவருக்கெல்லாம் அஞ்சலில் இலவசமாக அனுப்பினார்கள். அந்த வழக்கம் 2011 வரை நீடித்தது. 2006இல் வந்த பதிப்பிலிருந்து, தகட்டைப் போட்டு இயக்கிப் பார்த்து, பிடித்திருந்தால் அங்கிருந்தே நிறுவிக்கொள்ளும் வசதியும் கிடைத்தது. மறுபுறம் ஜென்டூ. அதில் மென்பொருள்களைப் பெரும்பாலும் நம் கணிப்பொறியிலேயே மூலநிரலிலிருந்து ஆக்கி ஏற்றுவார்கள். எந்த வசதி வேண்டும், எது வேண்டா என்று ஆக்கும்போதே குறித்துக்கொள்ளலாம். வேகம் குறைந்த பொறியில் அது மணிக்கணக்கில், சில வேளை நாட்கணக்கில் ஓடும். ஆர்ச் இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கிறது. ஆக்கி முடித்த பொதிகளே கிடைக்கும். ஆனால் அவற்றை இறக்கி, இடம் பார்த்துப் பொருத்துவது நம் பொறுப்பு.

இவற்றில் வியப்பு என்னவென்றால், கடினம் என்று பெயரெடுத்தவை எளிமையை நோக்கி நகர்ந்திருக்கின்றன. ஆர்ச்சில் முன்பு ஒரு நிறுவி இருந்தது. அதைப் பேணுவோர் இல்லாமற்போக, 2012இல் எடுத்துவிட்டார்கள். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2021 ஏப்ரலில், கேள்வி கேட்டு நிறுவித் தரும் ஒரு நிரலை நிறுவல் தொகுப்பிலேயே மீண்டும் சேர்த்தார்கள். ஜென்டூவும் 2023 டிசம்பரில், ஆக்கி முடித்த பொதிகளைப் பெருமளவில் தருவதாக அறிவித்தது. கொள்கைப்பிடிப்புக்குப் பெயர்போன டெபியன்கூட மனம் மாறியது. கம்பியில்லா இணைப்புக்கான சில சில்லுகள் இயங்க, மூலநிரல் வெளியிடப்படாத ஒரு துணைநிரல் வேண்டும். அது கட்டற்ற மென்பொருள் அன்று என்பதால் டெபியன் அதைத் தன் அதிகாரபூர்வ நிறுவியில் சேர்க்காமலே இருந்தது. அந்தத் துணைநிரலை இணையத்திலிருந்து எடுக்கலாம். ஆனால் அது இல்லாமல் இணையமே வராது! 2022இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்கெடுப்பு நடத்தினார்கள். 2023 ஜூனில் வந்த பன்னிரண்டாம் பதிப்பிலிருந்து அது நிறுவியிலேயே வருகிறது. இதைக் கொள்கைச் சரிவு என்று வருந்துவோர் உண்டு. நான் வருந்தவில்லை. வாசற்படியில் தடுக்கி விழுந்தவன் உள்ளே வந்து கொள்கை கேட்கமாட்டான்.

இனி என் கதைக்கு வருகிறேன். என் அக்கா பன்னிரண்டாம் வகுப்பு படித்தபோது அரசு தந்த மடிக்கணினிதான் எங்கள் வீட்டின் ஒரே கணிப்பொறி. அதில் விண்டோசும், சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்சும் சேர்ந்தே இருந்தன. நான் கல்லூரியில் சேர்ந்தபோது அது ஆமையைப்போல் நகர்ந்தது. புதிய வழங்கல் ஒன்றைப் போட்டால் வேகம் வரும் என்று நண்பர்கள் சொன்னார்கள். மிக எளிமையானது எனப் பெயர் பெற்ற ஒன்றைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு போனேன். அதன் பெயர் இங்கு வேண்டா. தவறு அதனுடையது அன்று. அழகான திரைகள், மொழி என்ன, ஊர் என்ன, உங்கள் பெயர் என்ன என்று பணிவான கேள்விகள். இடையில் ஒரு திரையில் ‘வட்டை அழித்துவிட்டு நிறுவு’ என்றொரு வரி ஆங்கிலத்தில் இருந்தது. பழைய விண்டோசை அழிப்பதாகச் சொல்கிறது என்று நினைத்தேன். அதைத்தானே நானும் விரும்பினேன்! பொத்தானை அழுத்திவிட்டு மோர் குடிக்கப் போனேன். இருபது நிமிடத்தில் வேலை முடிந்தது.

முடிந்தது வேலை மட்டும் அன்று. குரூப் 4 தேர்வுக்காக அக்கா இரண்டு ஆண்டுகளாகத் தட்டி வைத்திருந்த குறிப்புகளும், வருடி வைத்திருந்த சான்றிதழ்களும், அப்பாவின் பழைய ஒளிப்படங்களும் போயின. ‘டி’ என்ற எழுத்தின்கீழ் இருந்தவை வேறோர் இடத்தில் இருப்பதாகவே நான் அதுவரை எண்ணியிருந்தேன். ஒரே வட்டின் இரு பகுதிகள் அவை என்பதைச் சொல்ல வீட்டில் எவரும் இல்லை. அந்தத் திரையும் சொல்லவில்லை. சான்றிதழ்களை மறுபடி வருடிக்கொள்ளலாம். குறிப்புகளை அக்கா மறுபடி எழுதினாள், இம்முறை நோட்டில்.

ஒரு மாதம் அக்கா அந்தப் பொறியைத் தொடவில்லை. "இனி அதுல என்ன இருக்கு, எதை வேணா போட்டுக்க" என்று ஒரு நாள் சொன்னாள். கோபத்தில் சொன்னதோ, அனுமதியாகச் சொன்னதோ தெரியாது. நான் அனுமதியாகவே எடுத்துக்கொண்டேன். ஆர்ச்சைக் கையால் போட முடிவு செய்தேன். வழிகாட்டியைக் கைபேசியில் வைத்துக்கொண்டு படித்தேன். அதே கைபேசியை யூஎஸ்பி வடத்தால் மடிக்கணினியோடு இணைத்து இணையமும் பெற்றேன். நாளொன்றுக்கு ஒன்றரை ஜிபிதான் கணக்கு என்பதால், பொதிகள் பாதி இறங்கியபோது அன்றைய அளவு தீர்ந்தது. மறுநாள் இரவு தொடர்ந்தேன். வட்டைப் பகுத்தேன், வடிவமைத்தேன், அடிப்படைப் பொதிகளை ஏற்றினேன், எந்தப் பகுதி எங்கே பொருந்த வேண்டும் என்னும் பட்டியலை எழுதச் செய்தேன், பூட் லோடரை அமைத்தேன். மறுதொடக்கம் செய்ததும் கருந்திரையில் என் பெயரைக் கேட்டது. அந்த மகிழ்ச்சியை மறைக்க மாட்டேன். ஆனால் அடுத்த நிமிடமே இணையம் வரவில்லை. இணைப்பைக் கவனிக்கும் மென்பொருளை ஏற்ற மறந்திருந்தேன். அதை இறக்க இணையம் வேண்டும். பென் டிரைவைத் திரும்பச் செருகி, பாதி வேலையை மறுபடி செய்தேன். இந்தத் தவறைச் செய்யாத ஆர்ச் பயனர் குறைவு என்று பிறகு அறிந்து ஆறுதல் கொண்டேன்.

இப்போது நம் நண்பர் கேட்பார்: "அந்த இரண்டு இரவில் நீ கற்றதை அந்த இருபது நிமிடத்தில் கற்றாயா?" இல்லை, ஒப்புக்கொள்கிறேன். பார்ட்டிஷன் என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்தது அந்த இரவில்தான். பின்னர் ஒரு முறை பொறி எழும்பாமல் நின்றபோது எங்கே பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்ததும் அதனால்தான்.

ஆயினும் ஒன்றைச் சொல்ல வேண்டும். இரண்டு மாதம் கழித்து வழிகாட்டி இல்லாமல் அதே வேலையைச் செய்ய முயன்றேன். ஐந்தாவது கட்டளையில் நின்றுவிட்டேன். அன்று நான் செய்ததில் பெரும்பகுதி, திரையில் கண்டதைப் பார்த்துத் தட்டியதே. எங்கள் ஆய்வுக்கூடத்து நிறமாலைமானியை இங்கு நினைத்துக்கொள்கிறேன். அளவு எடுப்பதற்குமுன் தொலைநோக்கியை வெகுதூரப் பொருளுக்குச் சரிசெய்ய வேண்டும். இணையாக்கியைச் சரிசெய்ய வேண்டும். முப்பட்டக மேடையை ரசமட்டம் வைத்துச் சமப்படுத்த வேண்டும். காலை அணியினர் சரிசெய்து வைத்த கருவியில் பிற்பகல் அணியினர் நேரே அளவெடுத்துவிடுவது நமக்குள் தெரிந்த இரகசியம். அது தவறு என்பதில் ஐயமில்லை. ஆனால் பதிவேட்டைப் பார்த்து, ஏன் என்று அறியாமல் திருகுகளைத் திருகுபவனும் ஒளியியல் கற்றவன் ஆகமாட்டான். ‘கையால் செய்தேன்’ என்பதும் ‘அறிந்து செய்தேன்’ என்பதும் வேறு வேறு.

அடுத்து, நெகிழ்வு என்ற சொல். கையால் நிறுவும் வழங்கலே வளைந்து கொடுக்கும், பொத்தானால் நிறுவுவது வளையாது என்று பலரும் நம்புகிறார்கள். நானும் நம்பினேன். இது நிறுவும் முறையையும் நிறுவப்பட்ட பொருளையும் ஒன்றாக எண்ணும் மயக்கம். டெபியனின் நிறுவி, எந்த மேசைச் சூழல் வேண்டும் என்று ஒரு பட்டியலைக் காட்டும். எல்லாக் குறிகளையும் நீக்கிவிட்டால் வெறும் கருந்திரையோடு ஒரு சிறிய அமைப்புக் கிடைக்கும்; அதன்மேல் நாம் விரும்பியதை அடுக்கலாம். அதே டெபியனை ‘டெபூட்ஸ்டிராப்’ என்ற கருவிகொண்டு, நிறுவியே இல்லாமல் கட்டளைகளால் போடவும் முடியும். எப்படிப் போட்டாலும் விளைவது டெபியனே. பின்னர் மாற்றும் உரிமையும் ஒன்றே. நிறுவுவது ஓர் இரவின் வேலை. பயன்படுத்துவது பல ஆண்டு. அந்தப் பல ஆண்டில் எதை எப்போது மாற்ற இயலும் என்பதே நெகிழ்வு.

எதிர்த்தரப்பில் ஒரு வலுவான வாதமும் உண்டு. நிறுவி தானாகத் தேர்ந்து வைத்ததை நம்மில் பெரும்பாலோர் மாற்றுவதே இல்லை. மாற்றும் உரிமை ஏட்டில் இருக்கும், பழக்கத்தில் இராது. உண்மைதான். ஆனால் ஒன்றும் அறியாதவனிடம் முதல் நாளே முப்பது கேள்விகளை நீட்டினால், அவன் தேர்ந்தெடுக்கவா போகிறான்? யாரோ ஒருவர் எழுதி வைத்த விடைகளைப் பார்த்து எழுதப்போகிறான். நான் அப்படித்தான் எழுதினேன்.

ஆதலால், எளிது–கடினம் என்ற அளவுகோலை விட்டு வேறோர் அளவுகோலை எடுக்க வேண்டும் என்பது என் கருத்து. நிறுவும் முறை, தான் செய்யப்போவதை முன்னதாகச் சொல்கிறதா? செய்தபின் திரும்பிவர வழி விடுகிறதா? டெபியன் நிறுவியில் வட்டைப் பகுக்கும் கட்டத்தின் முடிவில் ஒரு திரை வரும். எந்த வட்டில் எந்தப் பகுதி என்ன ஆகப்போகிறது என்று பட்டியலிட்டு, எழுதலாமா என்று கேட்கும். அங்கே முன்கூட்டியே தெரிவாகி நிற்கும் விடை ‘இல்லை’ என்பதே. கவனமின்றி எண்டர் விசையைத் தட்டினால் ஒன்றும் அழியாது. அதே நிறுவியின் வரைகலை முறையில் தமிழையும் தேர்ந்துகொள்ளலாம். ‘அழி’ என்ற சொல்லைத் தமிழில் கண்டிருந்தால் நான் மோர் குடிக்கப் போயிருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன். கட்டளை உலகிலும் இந்த நாகரிகம் உண்டு. எஃப்டிஸ்க் என்ற பழைய கருவியில் எவ்வளவு வெட்டி ஒட்டினாலும் ‘டபிள்யூ’ என்ற எழுத்தைத் தட்டும்வரை வட்டில் ஒன்றும் மாறாது. ஆனால் ‘டிடி’ என்ற கட்டளை அப்படியன்று. ஓர் எழுத்துப் பிழையால் தவறான வட்டைச் சுட்டிவிட்டால் கேள்வி கேளாமல் அதன்மேல் எழுதிவிடும். ஆக, அழகிய திரையிலும் ஊமைகள் உண்டு; கருந்திரையிலும் உண்டு.

இவ்வகையில் என்னை ஈர்த்தது நிக்ஸ்ஓஎஸ். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஈல்கோ டால்ஸ்ட்ரா 2006இல் அளித்த முனைவர் பட்ட ஆய்வில் விளக்கிய கருத்தின்மேல் எழுந்தது அது. கணிப்பொறியில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை ஒரே கோப்பில் எழுதிவிட்டால், அமைப்பு அதன்படி தன்னைக் கட்டிக்கொள்ளும். மாற்றி எழுதினால் புதிய நிலை உருவாகும். பழைய நிலையும் அழியாமல், பொறி எழும்பும்போது வரும் பட்டியலில் காத்திருக்கும். கெடுத்துவிட்டால் முந்தையதைத் தேர்ந்து உள்ளே போகலாம். அந்தக் கோப்பை எழுதும் மொழி மட்டும் முதலில் தலையைச் சுற்ற வைக்கிறது, அதை ஒளிப்பதற்கில்லை. மேலும், அது காப்பது அமைப்பைத்தான். அழிந்த குறிப்புகளை அதுவும் மீட்டுத் தராது.

நம் வீடுகளில் கணிப்பொறி இருந்தால் பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கும். அதில் தம்பியின் பாடமும், அக்காவின் விண்ணப்பமும், அண்டைவீட்டாரின் குடும்ப அட்டை நகலும் சேர்ந்து கிடக்கும். மேசையில் இரண்டு பொறிகளை வைத்திருப்பவர் ‘உடைத்துக் கற்றுக்கொள்’ என்று அறிவுரை கூறுவது எளிது. நமக்கு உடைப்பதற்கென்று வேறோர் இடம் வேண்டும். முதல் முறை போடுபவர், கேட்டு எழுதும் நிறுவியாலேயே போடட்டும். அதற்குமுன் தம் கோப்புகளைப் பென் டிரைவில் எடுத்து வைக்கட்டும். கையால் போட்டுப் பழக, கணிப்பொறிக்குள் ஒரு கணிப்பொறியை நடிக்கவைக்கும் வர்ச்சுவல் மெஷின் இருக்கிறது. அதில் வட்டை நூறு முறை அழித்தாலும் வீட்டில் எவரும் அழமாட்டார்கள்.

பேராசிரியர் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆய்வுக்கூடத்தின் முப்பது பொறிகளிலும் மாணவர் கையால் நிறுவ வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அதற்கென்றே டெபியனில் ‘ப்ரீசீட்’, ரெட் ஹாட் வழி வந்தவற்றில் ‘கிக்ஸ்டார்ட்’ என்னும் முறைகள் உள்ளன. விடைகளையெல்லாம் ஒரு கோப்பில் எழுதி வைத்தால் முப்பதும் ஆள் துணையின்றி நிறுவிக்கொள்ளும். நான் கேட்பது, பழுது என்று ஒதுக்கி மூலையில் வைத்துள்ள பழைய பொறிகளில் இரண்டே இரண்டு. மாதம் ஒரு சனிக்கிழமை பிற்பகல் அவற்றை எங்களிடம் விட்டுவிட வேண்டும். ஒன்றில் கேட்டு எழுதும் நிறுவி, மற்றொன்றில் கட்டளை. முடிந்ததும் ஒருவர் வேண்டுமென்றே ஒரு கோப்பைக் கெடுத்து வைப்பார். மற்றவர் கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும். எந்தத் துறை மாணவரும் வரலாம்; தமிழ்த் துறை நண்பர்கள் வந்தால் நிறுவியின் தமிழ் மொழிபெயர்ப்பில் உள்ள கரடுமுரடுகளையும் பார்த்துச் சொல்லலாம்.

பென் டிரைவ் இரண்டு என்னிடம் ஆயத்தமாக உள்ளன. ஒன்றில் டெபியன், மற்றொன்றில் ஆர்ச். அக்காவின் மடிக்கணினியை மட்டும் நான் கொண்டுவர மாட்டேன். அவள் மறுபடி அதில் குறிப்பெழுதத் தொடங்கியிருக்கிறாள்.